பெட்டிக்குள் எங்கள் பிள்ளைகள்: ஃபிங்கர்டிப்ஸ் தளத்தை இரண்டு வருடம் பாவித்த அனுபவம்

மகனின் பள்ளிக்கூட அளவெடுப்புக் கடிதம் வந்த அன்று உறையைப் பிரித்தது அம்மா. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், எண்கள் நன்றாக வரும். உயரம் 144 சென்டிமீட்டர், நிறை 40 கிலோ. அதற்குக் கீழே ஆரோக்கியமான நிறை என்று ஒரு வரி. "பிள்ளை மெலிஞ்சு போனான் எண்டு நான் சொல்லிக்கொண்டு இருக்கிறன், இவங்கள் சரியெண்டு எழுதியிருக்கிறாங்கள்" என்று கடிதத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு அந்த வரியைப் பார்த்து அம்மாவைப் போலக் கவலையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. அந்த வரி எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் என்றுதான் தோன்றியது.

நான் வடமேற்கு லண்டனில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்யும் மருந்தாளர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எங்கள் சனத்தின் உடல்நிலை மருந்துச் சீட்டாக வரிசையில் வரும். நாற்பது வயதைத் தொடுவதற்கு முன்பே நீரிழிவு மருந்தான மெட்ஃபோர்மின் வாங்க வருகிறவர்கள், வயிறு மட்டும் சற்று முன்னுக்கு வந்து மற்றபடி ஒல்லியாகத் தெரிகிற ஆண்கள், "எனக்கு எப்படி நீரிழிவு வந்தது, நான் குண்டு இல்லையே" என்று கேட்கிற பெண்கள். இவர்களைப் பார்த்துப் பழகியவளுக்கு ஒரு பிள்ளையின் கடிதத்தில் உள்ள ஒற்றை வரி போதாது. அதைத் தேடித்தான் ஃபிங்கர்டிப்ஸ் தளத்துக்குப் போனேன். இரண்டு வருடமாகப் பாவிக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோர், கோயில்களிலும் சங்கங்களிலும் சுகாதார நிகழ்ச்சி வைக்கிறவர்கள், இந்த எண்களை எடுத்துப் பேச நினைக்கிற எவருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஃபிங்கர்டிப்ஸ் என்பது இங்கிலாந்து அரசின் பொதுச் சுகாதாரத் தரவுத் தளம். முன்பு பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து நடத்தியது. 2021இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்ட பிறகு, சுகாதாரத் திணைக்களத்துக்குள் இருக்கும் சுகாதார மேம்பாடு மற்றும் ஏற்றத்தாழ்வுகள் அலுவலகத்தின் கைக்கு வந்தது. காசு இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, கடவுச்சொல் இல்லை. பிள்ளைகளின் உடற்பருமன் பக்கத்துக்குப் போனால் உங்கள் கவுன்சிலின் பெயரைத் தெரிவு செய்து இங்கிலாந்துச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தின் அடியில் இருப்பது தேசியப் பிள்ளைகள் அளவீட்டுத் திட்டம். 2005/06இல் தொடங்கிய திட்டம் அது. அரச பள்ளிக்கூடங்களில் ரிசெப்ஷன் வகுப்பில், அதாவது 4–5 வயதில் ஒரு தடவை, ஆறாம் ஆண்டில் 10–11 வயதில் ஒரு தடவை, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உயரமும் நிறையும் எடுப்பார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள். வீட்டுக்கு வீடு ஆளை அனுப்பிச் சில ஆயிரம் பேரைக் கேட்டு எழுதும் ஆய்வு போன்றதல்ல. அந்த வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரையும் தராசில் ஏற்றிப் பெற்ற எண்கள். தளத்தில் நான் முதலில் மெச்சுவது இதைத்தான்.

இரண்டாவதாக மெச்சுவது, போக்குகளைக் காட்டும் பக்கம். அதில் 2006/07 முதல் ஒரு கோடு ஓடும். ரிசெப்ஷனில் அந்த ஆண்டு உடற்பருமன் 9.9 சதவீதம். 2022/23இல் 9.2. பதினாறு வருடத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆறாம் ஆண்டுக் கோட்டைத் திறந்தால் கதை வேறு: 17.5இல் தொடங்கி 22.7க்கு ஏறியிருக்கிறது. இன்னொன்றும் செய்து பார்க்கலாம், தளம் தானாகச் செய்து தராது. 2022/23இல் ஆறாம் ஆண்டில் நின்ற பிள்ளைகள் 2016/17இல் ரிசெப்ஷனில் இருந்தவர்கள். அப்போது அவர்களின் எண் 9.6. அதே தலைமுறைப் பிள்ளைகள், ஆறு வருடத்தில் 9.6இலிருந்து 22.7. பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையும்போது பத்தில் ஒருவர், ஆரம்பப் பள்ளியை விட்டுப் போகும்போது ஐந்தில் ஒருவருக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியபோது நான் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். என் மகனின் ஆறு வருடமும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

இதே பக்கத்தில்தான் ஒரு பொறியும் இருக்கிறது. கோட்டில் 2020/21 என்ற இடத்தில் ஒரு கூர்மையான மலை. ரிசெப்ஷன் 9.9இலிருந்து ஒரே வருடத்தில் 14.4, ஆறாம் ஆண்டு 21.0இலிருந்து 25.5. கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த வருடம். எல்லாப் பிள்ளைகளையும் அளக்க முடியாமல் ஒவ்வொரு கவுன்சிலிடமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மாதிரி மட்டும் கேட்டார்கள், பிறகு நாட்டு அளவுக்குச் சரிசெய்தார்கள். நாட்டு எண்ணாக அதை நம்பலாம், வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு நிறை ஏறியதும் உண்மைதான். ஆனால் அடுத்த வருடம் 10.1, 23.4 என்று இறங்கியதைக் காட்டி "நாங்கள் எடுத்த நடவடிக்கையால் குறைந்தது" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியதைக் கேட்டேன். அந்த இறக்கத்தின் பெரும்பகுதி பள்ளிக்கூடம் திறந்ததால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 2019/20க்கும் 2022/23க்கும் இடையில் கோடு போட்டுப் பாருங்கள், நடுவில் உள்ள மலையின் உச்சியிலிருந்து அல்ல. உச்சியிலிருந்து அளந்தால் எதுவும் வெற்றியாகத் தெரியும்.

அப்புறம் ஏற்றத்தாழ்வுகள் என்ற பகுதி. இந்தத் தளத்தின் இதயம் அங்கேதான் இருக்கிறது. பிள்ளை வாழும் பகுதி எவ்வளவு பின்தங்கியது என்பதை வைத்துப் பத்துப் படிகளாகப் பிரித்துக் காட்டுவார்கள். 2022/23இல் ஆறாம் ஆண்டில் மிகவும் பின்தங்கிய பகுதிகளில் 30.2 சதவீதம், மிக வசதியான பகுதிகளில் 13.1. ரிசெப்ஷனில் 12.4க்கு 5.8. படிப்படியாக இறங்கும் அந்தப் பத்துத் தூண்களைப் பார்த்தால், நடுவில் எங்குமே ஒரு படி குறுக்கே ஏறி நிற்பதில்லை. பெற்றோரின் பொறுப்பின்மை என்று பேசுகிறவர்களிடம் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. பொறுப்பின்மைதான் காரணம் என்றால் அது ஏன் இவ்வளவு ஒழுங்காக, தெருவின் வசதியைப் பார்த்துப் பார்த்து இறங்க வேண்டும்? லண்டனுக்குள்ளேயே பின்தங்கிய பார்க்கிங் அண்ட் டேகன்ஹாமையும் வசதியான ரிச்மண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நகரம், ரயிலில் ஏறினால் ஒரு மணித்தியாலச் சொச்சம்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் படி பிள்ளையின் குடும்ப வருமானத்தைச் சொல்வதில்லை, வீட்டு முகவரி விழும் பகுதியைச் சொல்கிறது. பின்தங்கிய தெருவில் நல்ல வருமானமுள்ள குடும்பமும் இருக்கும், வசதியான தெருவில் ஒரு கடைக்கு மேல் ஒற்றை அறையில் நான்கு பேரும் இருப்பார்கள். எங்கள் சனத்தில் பலர் அந்த இரண்டாவது வகை. தெருவைப் பற்றிய எண்ணைக் குடும்பத்தின் மேல் ஒட்ட வேண்டாம்.

கோடுகளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். என் கடிதத்தின் கேள்வி அங்கேதான் கிடக்கிறது.

பெரியவர்களுக்கு நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறைச் சுட்டெண், அதாவது பி.எம்.ஐ., 30ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று ஒரு எண் போதும். பிள்ளைகள் வளர்கிறவர்கள், வயதோடும் பால் வேறுபாட்டோடும் எண் மாறும். அதனால் 1990 என்று பெயரிட்ட பிரித்தானிய வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் நூறு பேரை பி.எம்.ஐ. வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்பான் என்பதுதான் கணக்கு. புள்ளிவிவரத்துக்கு 85ஆவது இடத்துக்கு மேலே போனால் அதிக நிறை, 95க்கு மேலே போனால் உடற்பருமன். இதை விளங்கிக்கொண்டால் 22.7 என்ற எண்ணின் எடை தெரியும். அட்டவணையை உருவாக்கிய பிள்ளைகளில் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். இன்றைக்கு அதே கோட்டுக்கு மேலே நிற்பவர்கள் நூற்றுக்கு இருபத்திரண்டு பேருக்கும் அதிகம். கோடு நகரவில்லை, பிள்ளைகள் நகர்ந்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கு வரும் கடிதத்தில் கோடு வேறு! அங்கே மருத்துவத்தில் பாவிக்கிற 91உம் 98உம். ஆகவே 96ஆவது இடத்தில் நிற்கும் ஒரு பிள்ளை தளத்தின் எண்ணிக்கையில் உடற்பருமன் உள்ள பிள்ளை, வீட்டுக்கு வந்த கடிதத்தில் அதிக நிறையுள்ள பிள்ளை. 88இல் நிற்கும் பிள்ளை தளத்தில் அதிக நிறை, கடிதத்தில் ஆரோக்கியம். இது பிழையல்ல. கூட்டத்தைக் கணக்கெடுக்க ஒரு வரம்பு, ஒரு பிள்ளையை வைத்தியரிடம் அனுப்பலாமா என்று தீர்மானிக்க இன்னொரு வரம்பு. தளத்தில் வரைவிலக்கணங்கள் என்ற பகுதியைத் திறந்தால் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதியை எத்தனை பேர் திறப்பார்கள்? எங்கள் வகுப்பில் 30 பிள்ளைகள், நான்கு பேருக்குத்தான் உடற்பருமன் என்று கடிதம் வந்தது, கவுன்சில் கணக்கில் எப்படி இவ்வளவு என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கம் மூன்றாவது சொடுக்குக்குள் ஒளிந்திருக்கிறது. இதற்கு நான் மதிப்பெண் குறைக்கிறேன்.

மகனுக்கு வருகிறேன். 40 கிலோவை 1.44இன் வர்க்கத்தால் வகுத்தால் 19.3. பதினொரு வயதுப் பையனுக்கு அது 85ஆம் கோட்டுக்குச் சற்றுக் கீழே. சரி, கடிதம் சொன்னது உண்மை. ஆனால் அவன் தமிழ்ப் பிள்ளை.

ஒரே பி.எம்.ஐ. உள்ள ஒரு வெள்ளையினப் பிள்ளையையும் ஒரு தெற்காசியப் பிள்ளையையும் எடுத்தால், தெற்காசியப் பிள்ளையின் உடலில் கொழுப்பு கூட, தசை குறைவு. ஊகித்துச் சொல்லும் பேச்சல்ல இது. கன ஹைட்ரஜன் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, பிறகு உமிழ்நீரைச் சோதித்தால் உடம்பில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரியும். கொழுப்பில் நீர் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே நீரிலிருந்து கொழுப்பைக் கணக்கிட முடியும். லண்டன் சென்ட் ஜோர்ஜஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி அளந்த பிள்ளைகளின் தரவை வைத்து, தெற்காசியப் பிள்ளையின் பி.எம்.ஐ.யோடு 1.1ஐக் கூட்டினால்தான் கொழுப்பின் உண்மையான அளவோடு பொருந்தும் என்று காட்டினார்கள். கறுப்பின ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கு நேர்மாறு: பி.எம்.ஐ. அவர்களின் கொழுப்பைக் கூட்டிக் காட்டுகிறது, கழிக்க வேண்டும். இந்தத் திருத்தத்தை இதே அளவீட்டுத் திட்டத்தின் எண்களில் போட்டுப் பார்த்தபோது, தெற்காசியப் பிள்ளைகளின் உடற்பருமன் நன்றாக மேலே ஏறியது, நிறை குறைந்தவர்கள் என்று எழுதப்பட்டவர்களின் எண் இறங்கியது, கறுப்பினப் பிள்ளைகளின் உடற்பருமன் கீழே வந்தது.

இப்போது ஃபிங்கர்டிப்ஸில் இனக்குழு வாரியான பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே திருத்தம் கிடையாது. கறுப்பினப் பிள்ளைகள் உச்சத்தில், சீனப் பிள்ளைகள் அடியில், இந்தியப் பிள்ளைகளுக்கு நிறை குறைவு அதிகம். இந்தப் பட்டியலை அப்படியே வாசித்துவிட்டுப் போகிற ஒருவர் இரண்டு பிழையான முடிவுகளோடு போவார். கறுப்பினக் குடும்பங்களின் சமையலறையில்தான் குறை என்று ஒரு முடிவு. ஆனால் அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் பின்தங்கிய தெருக்களில் வாழ்கிறார்கள், அளவுகோலும் அவர்களுக்கு மேலதிகமாக எழுதுகிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை, இன்னும் கொஞ்சம் சோறு போடலாம் என்பது இரண்டாவது முடிவு. எனக்கு இரண்டாவதுதான் பயம், ஏனென்றால் அதை என் வீட்டிலேயே கேட்கிறேன்.

பெரியவர்களுக்கு இந்த வேறுபாட்டை நாட்டின் வழிகாட்டலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தெற்காசியப் பின்னணி உள்ளவர்களுக்கு அதிக நிறை 25இல் அல்ல 23இல், உடற்பருமன் 30இல் அல்ல 27.5இல் என்று சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்கிறது. என் மருந்தகத்து ஒல்லி ஆண்களின் புதிரை அவிழ்த்தது அந்த எண்கள்தான். ஆனால் பிள்ளைகளின் கடிதத்துக்கும் தளத்துக்கும் அப்படி ஒரு மாற்றம் வரவில்லை. மகனின் 19.3இல் 1.1ஐக் கூட்டினால் 20.4. அது 85ஆம் கோட்டைத் தாண்டுகிறது, 91ஐத் தொடவில்லை. இந்தத் திருத்தம் கூட்டங்களைப் படிக்க உருவான கருவி, ஒரு பிள்ளையை இதை வைத்து நோயாளி ஆக்கிவிடக் கூடாது. ஆகவே நான் இன்னொன்றையும் செய்தேன். நைஸ் 2022இல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இடுப்புச் சுற்றளவை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது. இடுப்பு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்தேன். மகன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். "சாதாரணமாக விடு, அப்பன்" என்றேன். 69 சென்டிமீட்டர். 144இல் பாதி 72. அன்று இரவு அவனுக்குப் பழச்சாறு ஊற்றும் கண்ணாடிக் குவளையைச் சிறியதாக மாற்றினேன், அவ்வளவுதான். அவனிடம் எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் காதில் விழுகிற எண் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

தளத்தில் எனக்கு மிகப் பெரிய மனக்குறை அந்தப் பட்டியலின் கட்டங்களில்தான். ஆசியர் என்ற தலைப்பின் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், வேறு ஆசியப் பின்னணி. இலங்கைத் தமிழ்ப் பிள்ளை எங்கே? கடைசிக் கட்டத்தில், நேபாளிப் பிள்ளையோடும் வேறு பின்னணிப் பிள்ளைகளோடும் ஒன்றாக. சென்னையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை இந்தியர் கட்டத்தில், குஜராத்தி, பஞ்சாபிப் பிள்ளைகளோடு. ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து ஒரே மட்டன் ரோல்ஸைப் பாதியாகப் பகிர்ந்து சாப்பிடும் இரண்டு பிள்ளைகள் தரவில் இரண்டு வேறு இனம். 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழி என்று எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பேரின் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு எண் இந்தத் தளத்தில் எடுக்க முடியாது. வேறு ஆசியர் என்ற கட்டத்தில் வரும் எண் யாரையும் பற்றியதல்ல. நாலு விதமான சாப்பாட்டையும் நாலு விதமான இடப்பெயர்வையும் கலந்த சராசரி அது.

கட்டங்களைச் சிறிதாக்கினால் வேறு சிக்கல் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கவுன்சிலில் ஆறாம் ஆண்டுத் தமிழ்ப் பிள்ளைகள் 80 பேர் என்று வைத்தால், நாலு பிள்ளைகள் கூடக் குறைய ஐந்து சதவீதம் ஏறி இறங்கும். இந்தத் தளம் ஒவ்வொரு எண்ணுக்கும் நம்பிக்கை இடைவெளியைக் கொடுப்பது அதற்காகத்தான். எண்ணின் இரு பக்கமும் நீளும் அந்தச் சிறு கம்பி, உண்மையான எண் ஏறக்குறைய எங்கே இருக்கலாம் என்பதைக் காட்டும். கம்பி நீளமாக இருந்தால் பிள்ளைகள் குறைவு, அதை நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம். நிறங்களும் அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் தீட்டப்படுகின்றன. இங்கிலாந்துச் சராசரியைவிடத் தெளிவாக மோசம் என்றால் சிவப்பு, தெளிவாக நன்று என்றால் பச்சை, பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் மஞ்சள். இங்கேதான் எல்லோரும் இடறுகிறார்கள். பச்சை என்றால் நல்லது என்று பொருளல்ல, சராசரியைவிடக் குறைவு என்று மட்டும் பொருள். அந்தச் சராசரியே 22.7.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு இதைத் திரையில் போட்டுக் காட்டினேன். சனிக்கிழமை காலை, பிள்ளைகள் வகுப்பில், பெற்றோர் மண்டபத்தில், பின்னால் சிற்றுண்டிச் சாலை மேசையில் ரோல்ஸும் பற்றிஸும் வரிசைக்கு அடுக்கியிருந்தன. எங்கள் கவுன்சிலின் ரிசெப்ஷன் பெட்டி பச்சையாக இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அண்ணன் உடனே, "அப்ப எங்கட பிள்ளையள் பரவாயில்லைத்தானே, தங்கச்சி?" என்றார். நான் பதில் சொல்லாமல் அதே கவுன்சிலின் ஆறாம் ஆண்டுப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள். "ரிசெப்ஷனில பச்சை, ஆறு வருசத்தில மஞ்சள். இடையில என்ன நடந்தது, அண்ணா?" மண்டபம் கொஞ்சம் அமைதியானது. பின்னால் இருந்த ஒரு மாமி, "பள்ளிக்கூடம் விட்டு வாற வழியில கோழிப் பொரியல் கடை நாலு இருக்கு, பிள்ளையே. நான்தான் பேரனைக் கூட்டிக்கொண்டு வாறனான்" என்றார். அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. இரவு வேலைக்குப் போகும் தாய்மார், வீட்டுக்குள்ளேயே விளையாடு என்று சொல்ல வேண்டிய மாடிக் குடியிருப்பு, சனி ஞாயிறு இரண்டு நாளும் பிறந்தநாள் விழா என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பெண், "பிள்ளை மெலிஞ்சால் ஊரில தாயைத்தான் கேட்பினம்" என்றார். பஞ்சமும் பதுங்குகுழியும் பார்த்துவிட்டு வந்த அம்மம்மாவுக்குப் பிள்ளையின் கன்னம் நிறைந்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தளத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது, அதை விட்டுவிட்டு இந்த எண்களைப் பற்றி எங்கள் ஆட்களோடு கதைக்கவும் முடியாது.

இந்த எண்களால் பயன் உண்டா என்று அங்கே கேட்டவர்களுக்கு ஒன்றைச் சொன்னேன். 2018 ஏப்ரலில் சீனி கூடிய குளிர்பானங்களுக்கு இங்கே வரி வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே அளவீட்டுத் திட்டத்தின் மாதவாரித் தரவை எடுத்துப் பார்த்து, வரி வராமல் இருந்திருந்தால் எதிர்பார்த்திருக்கக் கூடியதைவிட ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளில் உடற்பருமன் ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு என்று 2023இல் வெளியிட்டார்கள். மிகவும் பின்தங்கிய பகுதிப் பெண் பிள்ளைகளுக்குப் பலன் கூட. ஆண் பிள்ளைகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறிய அந்த அரை நிமிடம்தான் இந்த முடிவைத் தந்தது. அளவெடுப்பு வேண்டாம் என்று படிவம் அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு மனக்கஷ்டம் வரும் என்று உண்மையாகவே பயந்தால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதையும் சொல்லியே ஆக வேண்டும்.

பாவிப்பது பற்றிச் சுருக்கமாக. கைபேசியில் திறக்க வேண்டாம், வரைபடங்கள் நெருக்கியடித்துக் கம்பிகள் தெரியாமல் போகும். கணினியில் திறந்து, முதலில் வரைவிலக்கணங்களைப் படித்துவிட்டு, பிறகு போக்குகள், பிறகு ஏற்றத்தாழ்வுகள் என்று போங்கள். நிறம் காட்டும் முதல் பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். கவுன்சிலைவிடச் சிறிய பகுதிகளுக்கு மூன்று வருடத் தரவைச் சேர்த்துத்தான் தருவார்கள், அதை ஒரு வருட எண்ணோடு ஒப்பிட வேண்டாம். எண்களை அட்டவணையாகப் பதிவிறக்கும் வசதி உண்டு, வேகமாக வேலை செய்கிறது. இங்கே நான் எழுதியவை என் கூட்டத்துக்காக எடுத்த 2022/23 எண்கள். அதற்கு அடுத்த வருடமான 2023/24இல் ரிசெப்ஷன் 9.6, ஆறாம் ஆண்டு 22.1. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று, கடிதத்தின் கோடும் தளத்தின் கோடும் வேறு என்பதை முகப்பிலேயே எழுதாததற்கும், தெற்காசியப் பிள்ளைகளின் எண்ணுக்கு அடியில் ஒரு குறிப்புக்கூடப் போடாததற்கும்.

மகளுக்கு இந்த செப்டெம்பரில் ரிசெப்ஷன். பதிவுப் படிவத்தில் இனக்குழு என்ற இடம் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கான நீண்ட குறியீட்டுப் பட்டியலில் இலங்கைத் தமிழர் என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பது எனக்கு இந்தத் தேடலில்தான் தெரிந்தது. எல்லாப் பள்ளிக்கூடமும் அந்த நீண்ட பட்டியலைப் பாவிப்பதில்லை. எங்கள் படிவத்தில் வேறு ஆசியர் என்ற பெட்டியும் அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கோடும் மட்டும் இருந்தன. பெட்டியில் சரி அடையாளம் போட்டேன். பக்கத்துக் கோட்டில் இலங்கைத் தமிழர் என்று தெளிவான எழுத்தில் எழுதினேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதைக் கணினியில் எங்கே போடுவது என்று தேடத் தொடங்கினார். அவர் தேடி முடிக்கும்வரை நான் காத்துக்கொண்டு நின்றேன்.